பனிமேல் ஓடும் லாடம்

தாராவி கோலிவாடாவில் விடிகாலையில் ஐஸ் வண்டி வந்து நிற்கும்போது ஒருமுறை நின்று பாருங்கள். டெம்போவின் பின்கதவைத் திறந்து, ஈரச் சாக்கை விலக்கி, ஓர் ஆள் இரும்புக் கொக்கியை ஐஸ் பாளத்தில் மாட்டி இழுப்பார். அந்தப் பாளத்தைப் பம்பாய் இந்தியில் ‘லாதி’ என்பார்கள். ஒரு லாதி நூறு கிலோவைத் தாண்டும். தூக்குவதற்கு மூன்று பேர் வேண்டும், இழுப்பதற்கு ஒரு கை போதும். நனைந்த சிமெண்டுத் தரையில், மீன் கூடைகளுக்கு நடுவே, அது சொன்ன பேச்சுக் கேட்டு வழுக்கிக்கொண்டு போகும். அதே கனத்தில் ஒரு கருங்கல்லைக் கட்டி அவரையே இழுக்கச் சொன்னால் அசையாது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வட அமெரிக்காவின் பண்ணைகளில் ஓடிய குதிரைச் சறுக்குவண்டி நினைவுக்கு வரும். அங்கே ‘பாப் ஸ்லெட்’ என்று சொல்கிறார்கள். ஒலிம்பிக்கில் மலைச்சரிவில் பாய்ந்து வரும் பந்தய வண்டிக்கும் அதே பெயர்தான். இரண்டு சறுக்குகளை இணைத்து ஒரு வண்டியாக்கும் யோசனையைப் பந்தயக்காரர்கள் விவசாயிகளிடமிருந்துதான் எடுத்தார்கள். பண்ணை வண்டி வேகத்துக்காகச் செய்ததல்ல. வைக்கோல், விறகு, எரு, மரத்தடி ஆகியவற்றை உறைபனிக் காலத்தில் சுமப்பதற்கானது. கொட்டகை மூலையில் நூறாண்டு கிடந்த அந்த வண்டிகளை எடுத்துப் பழுது பார்த்து மறுபடி குதிரை பூட்டும் விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். பனியே விழாத மும்பையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? அந்த வண்டி சுமந்த சரக்குகளில் ஒன்று இந்த ஊருக்கு வந்திருக்கிறது.

அது ஐஸ். மின்சாரமும் அம்மோனியா எந்திரமும் வருவதற்கு முன்பு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த நீரை வெட்டி, கப்பலில் ஏற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் நடத்திய வியாபாரம் அது. 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸோடு புறப்பட்ட ‘டஸ்கனி’ கப்பல் நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. அடுத்த ஆண்டே பம்பாய்க்கும் வந்தது. ஜம்சேத்ஜி ஜீஜீபாய் தம் விருந்தில் ஐஸ்கிரீம் பரிமாறினார் என்றும், அவருக்கும் விருந்தினருக்கும் சளி பிடித்துக்கொண்டது என்றும் அந்தக் காலத்துப் பம்பாய்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. கோட்டைப் பகுதியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அருகே ஐஸ் சேமிக்க ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. அது இன்று இல்லை. அதன் உடன்பிறப்பு சென்னையில் இருக்கிறது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் 1897-இல் விவேகானந்தர் தங்கிய வீடு. இன்றைய விவேகானந்தர் இல்லம். பேருந்து நடத்துநர்கள் இன்னும் ‘ஐஸ் அவுஸ்’ என்றுதான் கூவுகிறார்கள்.

ஐஸ் அத்தனை தூரம் தாங்கியதற்குக் காரணம் எளியது. பூச்சிய டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸை அதே பூச்சிய டிகிரித் தண்ணீராக மாற்ற மட்டுமே, அந்தத் தண்ணீரை அங்கிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவையான அளவு வெப்பம் வேண்டும். பாளங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்தால், வெளிவெப்பம் உள்ளே நுழையத் திணறும். குவியல் பெரிதாகப் பெரிதாக, எடைக்குத் தக்க அளவு வெளிப்பரப்பு குறையும். ஆகவே பெரிய குவியல் மெதுவாகக் கரையும். அமெரிக்க எழுத்தாளர் தோரோ குடியிருந்த வால்டன் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் வெட்டிய ஐஸை வைக்கோலும் பலகையும் போட்டு மூடி வைத்தார்கள். 1848 செப்டம்பரில்தான் அது முழுக்கக் கரைந்தது.

அந்தக் குளத்தில் ஐஸ் வெட்டியதைத் தோரோ கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். வந்து இறங்கிய சாமான்களில் உழவுக் கருவிகள் நிறைய: கலப்பை போன்றவை, சறுக்குவண்டிகள். மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜின் நத்தானியேல் வைத் 1829-இல் காப்புரிமை வாங்கிய ஐஸ் கலப்பையைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும். உறைந்த குளத்தின்மேல் கட்டம் கட்டமாகச் சால் விழும். அதன் வழியே பாளங்களைப் பிளந்து சறுக்குவண்டியில் கரை சேர்ப்பார்கள். குதிரைகளுக்கு ஓட்ஸ் வைத்த தொட்டியும் குடைந்த ஐஸ் பாளம்தானாம். சென்னையிலும் பம்பாயிலும் வெயிலில் வாடுபவர்கள் தம் கிணற்று நீரைக் குடிப்பதாகத் தோரோ எண்ணிப் பார்த்து வியந்திருக்கிறார்.

இனி வண்டிக்கு வருவோம்.

நாள் முழுக்க வேலை செய்யும் குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைத் தொடர்ந்து செலுத்தும் என்பது வண்டிக்காரர்களின் பழைய கணக்கு. 700 கிலோ குதிரைக்கு 70 கிலோ விசை, ஜோடிக்கு 140. காய்ந்த மண்ணில் மரப்பலகையை இழுத்தால் எடையில் பாதி அளவுக்கு உராய்வு தடுக்கும். அந்த ஜோடி 280 கிலோவைத்தான் நகர்த்தும். நன்றாக இறுகிய பனிப்பாதையில் உராய்வு எடையில் இருபதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அதே ஜோடி அங்கே 2,800 கிலோவை இழுக்கும். குதிரையும் வண்டியும் மாறவில்லை; தரை மாறியிருக்கிறது, சுமை பத்து மடங்காகிவிட்டது. சமதரையில் குதிரையின் தோளை அழுத்துவது உராய்வு ஒன்றுதான். பம்பாயில் 1874 மே 9 அன்று ஓடத் தொடங்கிய குதிரை டிராமின் ரகசியமும் இதுவே. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு இன்னும் குறைவு. ஓரிரு குதிரைகள் ஒரு பெட்டி நிறைய ஆட்களை இழுத்தன. 1905 வரை அவை ஓடின. 1907-இல் மின்சார டிராம் வந்தது. சயானுக்கும் செம்பூருக்கும் இடையே ஆணிக் டெப்போவில் இருக்கும் பெஸ்ட் அருங்காட்சியகம் அந்தக் காலத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பனி ஏன் வழுக்குகிறது? பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்த விடை: அழுத்தினால் ஐஸ் உருகும், உருகிய நீர் வழுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய அறிஞர்களும் இதை நம்பினார்கள். ஒரு பண்ணை வண்டியை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வண்டிக்கு அடியில் நான்கு சறுக்குக்கட்டைகள். ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம், தரையைத் தொடும் நீளம் 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,400 சதுர செ.மீ. அதன்மேல் இரண்டு டன் ஏற்றினாலும் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோகூட வரவில்லை. ஐஸின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி தாழ்த்துவதற்குச் சுமார் 135 வளிமண்டல அழுத்தம் தேவை. நம் வண்டி தருவது ஒரு வளிமண்டலத்துக்கும் குறைவு. அழுத்தக் கதை இங்கே நிற்காது.

1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலைமுகட்டில் சோதனைகள் செய்து வேறு விடை சொன்னார்கள். சறுக்கும்போது உண்டாகும் உராய்வுச் சூடுதான் ஐஸின் மேற்பரப்பை உருக்குகிறது. நம் ஜோடிக் குதிரைகள் 140 கிலோ விசையோடு விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால், அந்த உழைப்பு ஏறக்குறைய 1,400 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அளவு! அதில் பெரும்பகுதி சறுக்குக்கட்டையின் அடியில்தான் சூடாகிறது. குதிரை நடக்கிற நடையே அதன் பாதைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வருகிறது. நீர்ப்படலம் மிக மெல்லியது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தாலே போதும். மரம் சூட்டைப் பிடித்து வைக்கும், உலோகம் கடத்தி விட்டுவிடும். கடுங்குளிரில் உலோகச் சறுக்கு மோசமாக ஓடும் என்பதும் அவர்களுடைய கண்டுபிடிப்பு.

இதுவும் முழு விடை அல்ல. நகராமல் நிற்கும்போதும் ஐஸ் வழுக்குகிறதே. ஃபாரடே 1850-லேயே, ஐஸின் மேற்பரப்பில் இயல்பாகவே திரவம் போன்ற ஒரு படலம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். 2018-இல் ஆம்ஸ்டர்டாமிலும் மைன்ஸிலும் பணியாற்றும் ஆய்வாளர்கள் அதை மூலக்கூறு அளவில் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் நீர் மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் நாலாபக்கமும் பிடித்திருக்கும். மேற்பரப்பில் இருப்பதற்குப் பிடிமானம் குறைவு. சில மூலக்கூறுகள் அங்கே கேழ்வரகு மணிபோல உருண்டுகொண்டே இருக்கின்றன. குளிர் ஏற ஏற அந்த உருளல் அடங்கிவிடும். அவர்களுடைய அளவையில் மைனஸ் 7 டிகிரியில்தான் வழுக்கல் உச்சம். அதைவிடச் சூடானால் ஐஸ் மிருதுவாகி உலோகம் அதில் பதியும். மிகக் கடுங்குளிரில் பனி மணல்போல ஆகிவிடும்; 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட்டின் குழு தம் சறுக்குவண்டியை அப்படித்தான் இழுத்து மாய்ந்தது.

ஆக, பழைய வண்டியைச் சீர்செய்பவரின் கண் முதலில் போகவேண்டிய இடம் அடிப்பாகம். வர்ணம் உதிர்ந்த பெட்டியை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

இதன் அமைப்பை ஒரு கட்டை வண்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். முன்னால் ஒரு குட்டிச் சறுக்கு, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு சறுக்குக்கட்டைகள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குக்கட்டை. இரண்டையும் சேர்க்க நடுவே ஒரு நீளக் கழி. முன்சறுக்கின்மேல் ஒரு தடித்த இரும்பு ஆணி நிற்கும். அதை மையமாக வைத்து முன்சறுக்கு திரும்பும். ஒரே நீளச் சறுக்காகச் செய்தால் என்ன? மேடு வந்தால் அதன் நடுவயிறு முட்டும், பள்ளம் வந்தால் மூக்கும் வாலும் மட்டும் தரையில் ஊன்றி நடுவில் முறியும். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு சறுக்கும் மேட்டைத் தனித்தனியே ஏறி இறங்கும். மேலே வைக்கோல் அசையாமல் இருக்கும். மரத்தடி வண்டிகளில் முன்சறுக்கையும் பின்சறுக்கையும் குறுக்குமறுக்காகச் சங்கிலியால் கட்டுவார்கள். முன்னது வலப்பக்கம் திரும்பினால் பின்னது எதிர்த்திசையில் திரும்பும்; அதனால் முன்னது போன தடத்திலேயே பின்னதும் போகும். கணினியும் கணக்கும் இல்லாமல் ஒரு தச்சன் இதை எண்ணியிருக்கிறான் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. குளிர்காலம் வந்தால் பல பண்ணைகளில் வண்டிப் பெட்டியைச் சக்கரத்திலிருந்து தூக்கி இந்தச் சறுக்குகளின்மேல் வைத்துவிடுவார்கள். பனி உருகினால் திரும்பச் சக்கரம்.

பிரிப்பதற்கு முன்னால் அளவெடுக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், துண்டுகளுக்கு எண் போட வேண்டும். அதன் பிறகே ஆணியில் கை வைக்கலாம். மரம் இற்றிருக்கிறதா என்று குத்தூசியால் குத்திப் பார்க்கும்போது, எங்கே அதிகம் உள்வாங்கும் தெரியுமா? வெயில் மழை பட்ட மேற்புறத்தில் அல்ல. இரும்புப் பட்டைக்கு அடியிலும் ஆணித் துளையைச் சுற்றியும்தான். இரும்பு குளிர்ந்து ஈரத்தைத் தன்மேல் படியவைக்கும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே புகுந்த நீர் காயாது. துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஆணியே ஆப்பாக மாறி மரத்தைப் பிளக்கும். கரைந்த இரும்பு மரநாரையும் மெல்லச் சிதைக்கும். ஓக் மரமாக இருந்தால் ஆணியைச் சுற்றி மைபோலக் கருப்பு படர்ந்திருக்கும். அது உண்மையிலேயே மைதான். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்தால் கருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சியதும், கலம்காரித் துணிக்குக் கருப்புக் கோடு போட்டதும் அதே வேதியியல். தாராவிக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களைக் கேட்டால் டானினைப் பற்றி இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைத் தோலாக நிறுத்துவது அதனால்தான்.

இற்றுப்போன சறுக்குக்கட்டையை மாற்றுவது இந்த வேலையின் உச்சம். அதன் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் மரநார் குறுக்கே அறுபடும். முதல் கல்லில் மோதியதும் மூக்கு உடையும். நார் வளைவோடு வளைய வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, பெட்டியில் வைத்து நீராவி கொடுத்து வளைப்பது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர் வழக்கு. ஈரமும் சூடும் சேரும்போது நார்களை ஒட்டியிருக்கும் லிக்னின் இளகும். வெளியே எடுத்த ஓரிரு நிமிடத்தில் அச்சில் மாட்டி இறுக்கிவிட வேண்டும், ஆறினால் அப்படியே நின்றுவிடும். இன்னொரு வழி, வளைந்தே வளர்ந்த மரத்தைத் தேடிப் போவது. நம் ஊரில் கலப்பைக்குக் கருவேல மரத்தின் இயற்கை வளைவைத் தேடியது இதே அறிவுதான். எனக்கு இந்த இரண்டாவது வழிமேல்தான் ஆசை. மரம் வாங்குவதும் இப்போது எளிதல்ல. வண்டிக்கு ஏற்ற ஆஷ் மரங்களை, 2002-இல் மிஷிகனில் கண்டறிந்த மரகதப் பச்சை வண்டு வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது.

சறுக்குக்கட்டைக்கு அடியில் இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அதைச் செருப்பு என்கிறார்கள். எனக்கு அதை லாடம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. துருவேறிய லாடம் பனியை அரம்போல ராவும். தேய்த்து மழமழப்பாக்கி, ஆணித் தலைகளைப் பட்டைக்குள் அமிழ்த்தி, முதல் சில நாள் வெறும் வண்டியாக ஓட்டினால் பனியே அதற்கு மெருகேற்றும். முன்சறுக்கு திரும்பும் ஆணியின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் இரும்புக் குழல் ஒன்றைச் செருகிச் சரிசெய்யலாம். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். பழைய கைவாய்ச்சித் தடத்தைச் சீவித் தள்ளுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம். அது செய்தவரின் கையெழுத்து. ஆனால் ஏர்க்காலும் நுகமும் அந்தச் சலுகைக்கு உரியவை அல்ல. அவற்றில் சந்தேகம் வந்தால் புது மரம்தான் போட வேண்டும். அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியில் விரிசல் ஒரு வரலாறு. குதிரை பூட்டிய வண்டியில் அது ஒரு கால் முறிவு.

எந்த உராய்வைக் குறைக்க இத்தனை பாடுபடுகிறோமோ, அதே உராய்வு குதிரையின் குளம்புக்கு வேண்டும். வண்டி வழுக்க வேண்டும், குதிரை வழுக்கக் கூடாது. அதனால் குளிர்காலத்தில் குளம்பு லாடத்தில் கூர்முளைகள் அடிப்பார்கள். மும்பையின் விக்டோரியா வண்டிக் குதிரைகள் கடினத் தார்ச்சாலையில் கால் பதித்து ஓடியே தேய்ந்தன. அவற்றின் நிலை பார்த்து 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தச் சவாரிகளுக்குத் தடை விதித்தது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். இறக்கத்தில் நிலைமை இன்னும் ஆபத்து. சமதரையில் வரமாக இருந்த வழுக்கல், சரிவில் இரண்டு டன்னைக் குதிரையின் பின்னங்காலில் தள்ளிவிடும். பத்துக்கு ஒன்று என்ற சரிவு வந்தால், கீழ்நோக்கி இழுக்கும் விசை உராய்வைப் போல இரண்டு மடங்கு. வண்டியில் பிரேக் இல்லை. ஆகவே உச்சியிலேயே நிறுத்தி, சறுக்குக்கட்டையைச் சுற்றிச் சங்கிலி கட்டுவார்கள். அது பனியை உழுதுகொண்டு இறங்கும். மரம் வெட்டும் காடுகளில் இரவில் பாதைக்குத் தண்ணீர் தெளித்துக் கண்ணாடி ஐஸாக்கி வைத்து, இறக்கங்களில் மட்டும் வைக்கோலும் மணலும் தூவினார்கள். அப்படிப்பட்ட ஐஸ் பாதையில்தான் 1893-இல் மிஷிகனில் ஐம்பது பைன் தடிகளை மலைபோல அடுக்கி, இரண்டே குதிரைகள் பூட்டி நகர்த்தினார்கள். சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அந்தத் தடிகளை அனுப்ப ஒன்பது ரயில் வேகன்கள் தேவைப்பட்டன.

நம் வயலில் இதற்கு உறவு உண்டு. நாற்று நடுவதற்கு முன் சேற்றில் ஓட்டும் பரம்பு சக்கரமில்லாத வண்டிதானே. ஏறி நிற்கும் ஆளின் எடை சேற்றை அழுத்தி மட்டமாக்க, களிமண்ணிலிருந்து கசியும் நீர் பலகைக்கு அடியில் படலமாக நின்று மாட்டின் பாரத்தைக் குறைக்கும். அங்கே சக்கரம் வைத்தால் அச்சுவரை புதைந்துவிடும். மாட்டுங்கா உடுப்பி ஓட்டல்காரர்களின் சொந்த மண்ணான துளுநாட்டில் இதுவே கம்பளா பந்தயமாகியிருக்கிறது. எருமைகள் இழுக்கும் பலகையின்மேல் நின்று ஓட்டும் வீரன், பலகைத் துளை வழியே பீறிடும் சேற்று நீரை உயரத்தில் கட்டிய துணியில் படவைப்பான். சக்கரம் வந்ததும் சறுக்கு பழசாகிவிட்டது என்று எழுதும் பாடநூல்கள் சேற்றிலோ பனியிலோ வண்டி ஓட்டிப் பார்க்காதவர்கள் எழுதியவை.

பழுது பார்த்த வண்டி இன்று வெர்மான்ட் போன்ற இடங்களில் பிப்ரவரி, மார்ச்சில் மேப்பிள் மரச்சாறு சேகரிக்கப் போகிறது. மாடுகளுக்கு வைக்கோல் கொண்டுபோகிறது. ஆழப் பனியில் டிராக்டர் சிக்கும் இடத்தில் குதிரை போகும், ஓட்டுபவர் கீழே இறங்கி வேலை செய்யும்போது கூப்பிட்ட குரலுக்கு நகர்ந்து வரும்.

நிற்கும்போதுதான் ஒரு சிக்கல். ஓடும்வரை லாடத்துக்கு அடியில் இருந்த நீர்ப்படலம், வண்டி நின்ற சில நிமிடத்தில் உறைந்து பசையாகிவிடும். மறுபடி இழுத்தால் வண்டி தரையோடு ஒட்டியிருக்கும். தெரிந்த வண்டிக்காரர் நேராக இழுக்கச் சொல்லமாட்டார். குதிரைகளைப் பக்கவாட்டில் ஓரடி திருப்புவார். முன்சறுக்கு முதலில் பிடி விடும், பிறகு பின்சறுக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்க வேண்டியதில்லை என்பது இரட்டைச் சறுக்கின் இன்னொரு நன்மை. சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பியதும், குதிரைகளை அவிழ்க்கும் முன்பே, தரையில் இரண்டு பலகைகளைப் போட்டு அவற்றின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்திவிடுவார். காலையில் அது தரையோடு ஒட்டாமல் இருக்கும்.